பூக்கடை வேலுச்சாமி எழுதிய ஒரே நாடகம்

வானொலிப் பெட்டி ஒன்றின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அந்தச் செய்தி வந்தது. காலை பத்து மணி இருக்கும். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கூடை இறக்கும் கருப்பையா என் கடை வாசலில் வந்து நின்றார். தலைத்துண்டு அவர் கையில் இருந்தது. "வேலுச்சாமி அண்ணன் போயிருச்சு பாய். வேவாரம் முடிஞ்சு செத்த நேரம் உக்காருறேன்னு உக்காந்தவரு, எந்திரிக்கல" என்றார். நான் என்ன கேட்டேன் என்பது நினைவில் இல்லை. பெட்டியை மூடி நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாக முறுக்கிவிட்டுத்தான் எழுந்தேன். பழுது இன்னதென்று கண்டுபிடிக்காமல் நான் மூடிய பெட்டி அது ஒன்றுதான்.

மார்க்கெட்டுக்குப் போனபோது ஈரச் சாக்குகளை உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைய மல்லிகை முழுவதும் விற்று முடிந்திருந்தது. அவர் மனைவி பாக்கியம் அக்கா தலைமாட்டில் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நேத்து மத்தியானம் ஒங்க கடைக்குத்தான தம்பி வந்தாரு, என்ன பேசுனாரு?" என்று கேட்டார். கிராமபோன் ஊசி தேய்ந்துவிட்டது, மாற்று என்று சொன்னார் என்றேன். அக்கா தலையை ஆட்டினார். அவர் கடைசியாகச் சொன்னது அதுவாகத்தான் இருக்க முடியும் என்பதுபோல இருந்தது அந்தத் தலையாட்டல்.

வேலுச்சாமியைத் தெரிந்த உங்களில் பலருக்கு அவர் பூக்கமிஷன் கடைக்காரர். கன்னிவாடிப் பக்கமிருந்து மொட்டுக் கூடையுடன் வருகிறவர்கள் அவர் தராசைத் தேடித்தான் வருவார்கள். சின்னாளப்பட்டி நெசவாளர்களுக்கு அவர் நாடக ஆசிரியர். எனக்கு அவர் மாமா. அவருக்கு நான் மாப்பிள்ளை. எங்களுக்குள் ரத்த உறவு எதுவும் கிடையாது. என் அத்தா பேகம்பூரில் தோல் வியாபாரம் பார்த்தவர். நான் தோலை விட்டுவிட்டு வானொலியைப் பிடித்துக்கொண்டவன். அவர் மல்லிகை பயிரிடும் வீட்டுப் பிள்ளை. முதல் நாள் பேச்சுவாக்கில் அவர் மாப்ளே என்று அழைக்க, நான் மாமா என்று திருப்பிச் சொல்ல, அது அப்படியே நிலைத்துவிட்டது. அவர் எழுதிய ஒரு நாடகத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது எந்த வழியாக வந்து சேர்ந்தது என்பதை உடனிருந்து பார்த்தவன் நான். அதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். அதில் என் தவறும் ஒன்று இருக்கிறது.

அந்த முதல் நாள் ஐம்பதுகளின் நடுவில் வந்தது. சைக்கிள் கேரியரில் ஒரு மரப்பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர் என் கடைக்கு வந்தார். பழனி சாலையில் ஒரு பெரிய வீட்டைக் காலி செய்து சாமான்களை விற்றிருக்கிறார்கள். பெட்டி நன்றாக இருக்கிறதே என்று வாங்கி வந்திருக்கிறார். திறந்து பார்த்தால் உள்ளே வேட்டித்துணி சுற்றிய பழைய இசைத்தட்டுகள். அவரிடம் கிராமபோன் இல்லை; என்னிடம் இருந்தது. பாட்டுத் தட்டுகளோடு ஆறு தட்டுகள் கொண்ட ஒரு நாடகத் தொகுப்பும் அதில் இருந்தது. நாங்கள் பிறந்த காலத்தில் யாரோ ஒரு நாடகக் கம்பெனி பாடிப் பேசிப் பதிவு செய்தது. நான்காவது தட்டு மட்டும் இல்லை. மூன்றாவது முடியும்போது தங்கை அண்ணனைத் தேடிப் புறப்படுகிறாள். ஐந்தாவது தொடங்கும்போது அவள் சிறையில் இருக்கிறாள்.

நடுவில் என்ன நடந்திருக்கும் என்று நான் கேட்டேன். அவர் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். தங்கைக்கு ஒரு குரல், காவலனுக்கு ஒரு குரல், பொய்ச்சாட்சி சொல்பவனுக்கு மூக்கால் பேசும் ஒரு குரல். பத்து நிமிடத்தில் அவளைச் சிறைக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார். தன் வானொலியை வாங்க வந்த ஒருவர் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு, இது எந்தத் தட்டு என்று என்னிடம் விசாரித்தார். மாமாவின் முகம் சிவந்துவிட்டது. போகும்போது, நாடகம் ஒன்று எழுதலாமென்று இருக்கிறேன் என்று, ஏதோ கடைக்குப் போகப்போவதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

பூ வியாபாரம் விடியுமுன்பே தொடங்கி ஒன்பது மணிக்குள் முடிந்துவிடும். அதற்குமேல் மொட்டுக்கு மதிப்பில்லை, வியாபாரிக்கு வேலையில்லை. மற்றவர்கள் அந்த நேரத்தில் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். மாமாவுக்கு முழுப் பகலும் முன்னால் கிடக்கும். "நேரமில்லைன்னு சொல்லித் தப்பிக்கக்கூட எனக்கு வழியில்ல மாப்ளே" என்பார். வேறு தொழில் பார்க்கிறவர்கள் எழுத நேரம் தேடி அலைவதை நான் கண்டிருக்கிறேன். இவருடைய சிக்கல் வேறு. கையில் இருந்த அத்தனை பகலையும் எதற்குக் கொடுப்பது என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

நாடகம் எழுத வேண்டுமென்றால் நல்ல நாடகங்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் நினைத்தார். அதில் தவறில்லை. கிளை நூலகத்தில் பழைய அலமாரியிலிருந்து மேலிருந்து கீழாகப் படிக்கத் தொடங்கினார். அட்டை கிழிந்த நாவல்கள், வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்தவை, வடமொழி நாடகங்களின் உரைநடை. பகல் காட்சிகளில் அப்போது பழைய படங்களைத்தான் போடுவார்கள். திண்டுக்கல்லில் மாற்றினால் சின்னாளப்பட்டி கொட்டகை, அங்கும் மாற்றினால் மதுரை என்று இருவரும் போனோம். நல்ல படமென்றால் மூன்று நாள் தொடர்ந்து போவார். சில சமயம் பாக்கியம் அக்காவும் வந்து பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். மற்ற நாட்களில் என் கடையில் இசைத்தட்டு. அந்த மூன்று ஆண்டுகளில் நாங்கள் கேட்டதும் பார்த்ததும் படித்ததும் வேறு யாருக்கு வாய்த்திருக்கும் என்று தெரியவில்லை. அந்த மகிழ்ச்சியை இன்றும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இதற்கு நடுவில் எழுதவும் செய்தார். படித்து, கேட்டு, பார்த்துவிட்டு வந்து, நாளின் மிச்சத்தில் எழுதுவார். ஜமீன்தார் மகள் ஒருத்தி, கண் தெரியாத பாடகன் ஒருவன், நீதிமன்றத்தில் ஓர் உண்மை வெளிப்படுதல். பள்ளிக்கூட நோட்டுகளில் நான்கு நோட்டு வந்தது. எழுத எழுத எனக்கு வாசித்துக் காட்டுவார். நன்றாக இருக்கிறது மாமா என்று நான் சொல்வேன்.

முழுவதும் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கடை மாடியில் வாசிப்பு வைத்தோம். சின்னாளப்பட்டியில் நெசவாளர் நாடகக் குழுவை நடத்திக்கொண்டிருந்த ராமலிங்கம் வந்திருந்தார். நன்றாக இருந்தால் மேடையேற்றுவதாகச் சொல்லியிருந்தார். பாக்கியம் அக்கா மடியில் பூவை வைத்துக் கட்டிக்கொண்டே கேட்டார். அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூன்றாவது காட்சியில் பாடகன் தன் தாயை நினைத்துப் பாடும் பாட்டு வந்தது. மாமா முதல் அடியை ராகத்தோடு படித்தார். இரண்டாவது அடிக்கு அவர் வருமுன்பே அக்கா அந்த மெட்டின் முடிவை முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார். ரசித்துத்தான் முணுமுணுத்தார். மாமா நிறுத்தினார். அக்கா நிமிர்ந்து, "நல்லாத்தான் இருக்கு. நாம பாத்ததுதான இது? அந்தக் கோர்ட்டு வார படம்" என்றார்.

அந்த வார்த்தையில் கேலி துளியும் இல்லை. பழக்கமான ஒன்றைக் கண்ட சந்தோஷம்தான் இருந்தது. மாமா நோட்டை மூடினார். ராமலிங்கம் நாகரிகமானவர், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார்.

இரண்டு வாரம் அவர் என் கடைப் பக்கமே வரவில்லை. ஒரு நாள் நூலகத்திலிருந்து அவர் வெளியே வரும்போது எதிரே மாட்டிக்கொண்டேன். கடைசிப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

"ஒனக்குத் தெரியும்ல?" என்று கேட்டார்.

தெரியும் என்றேன்.

"எப்பருந்து?"

"ரெண்டாவது காட்சியிலருந்து மாமா."

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் நான் ஏதாவது பதில் பேசியிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. வெயிலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அந்தப் பாடலின் தட்டு தெரியும். என் கையால் ஊசி வைத்து அவருக்குப் போட்டுக் காட்டிய தட்டு. அந்த நீதிமன்றக் காட்சியை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான். ஜமீன்தார் மகள் எந்த நாவலின் எந்த அத்தியாயத்திலிருந்து எழுந்து வந்தாள் என்பதும் தெரியும். சொன்னால் வருந்துவார் என்று சொல்லாமல் இருந்தேன். ஒரு வருத்தத்தைத் தவிர்க்கப் போய், மூன்று ஆண்டு உழைப்பு முடிந்தபின், அந்நியர் ஒருவர் முன்னால், அவர் மனைவி வாயால் அதைத் தெரிந்துகொள்ளும்படி விட்டுவிட்டேன். அன்போடு செய்த தவறு என்று இதை நான் மன்னித்துக்கொள்வதில்லை.

அதன்பிறகு ஓர் ஆண்டு அவர் எதையும் தொடவில்லை. படம் இல்லை, புத்தகம் இல்லை, பாட்டு இல்லை. என் கடையில் தட்டு சுழன்றால் எதிர்ச்சாரியில் நடப்பார். சினிமா சுவரொட்டி தென்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று கருப்பையா சொல்லிச் சிரித்தார். தானே வந்து கேட்டாலும் புத்தகம் கொடுக்க வேண்டாம் என்று நூலகரிடம் சொல்லியிருந்தாராம். கடைத்தெருவில் பார்த்தபோது பாக்கியம் அக்கா என்னிடம் புலம்பினார். பகலெல்லாம் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார், வெஞ்சனத்தில் உப்பு பார்க்கிறார், அடுக்கிய பானையைத் திருப்பி அடுக்குகிறார், அந்தப் படத்துக்காவது போய்த் தொலையுங்கள் என்றால் அதற்கும் மாட்டேன் என்கிறார். தான் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்ற உறுத்தல் அக்காவுக்கு இருந்தது. நீங்கள் சொன்னதுதான் சரி அக்கா, சொல்லாமல் இருந்தவன்தான் தப்பு செய்தான் என்றேன்.

ஆண்டு முடியும் சமயத்தில், ஒரு முற்பகலில், ஒற்றை நோட்டுடன் வந்தார். உட்கார்ந்தார். வாசித்தார். நேர்மையான வியாபாரி ஒருவனும் நேர்மையில்லாத வியாபாரி ஒருவனும். யாரிடமிருந்தும் எடுத்ததல்ல என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்தது. எல்லாரும் சரியானதையே பேசினார்கள். வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"மாமா, இது ஒங்களதுதான். ஆனா உசுரு இல்ல" என்றேன்.

அவர் சிரித்தார். ஓர் ஆண்டில் நான் பார்த்த முதல் சிரிப்பு. ஏன் உயிரில்லை என்று கேட்டார். பெட்டியில் சத்தம் வரவில்லை என்பது உடனே தெரிந்துவிடும், எந்த வால்வு போயிருக்கிறது என்று சொல்ல எனக்கு நேரம் வேண்டும் என்றேன். "சரி, யோசி. அதுவரைக்கும் ஒரு தட்டப் போடு" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார்.

பழைய தட்டு ஒன்றைப் போட்டேன். பெண் குரல், பக்திப் பாட்டு, நாங்கள் நூறு முறையாவது கேட்டது. ஓர் ஆண்டு எதையும் கேட்காதிருந்த காதுக்கு அன்று வேறொன்று கேட்டிருக்கிறது. பாதியில் கையைத் தூக்கினார். அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். மூன்று முறை போட்டேன். சரணத்தில் சாமியின் பெயர் வரும் இடத்துக்கு ஒரு சொல் முன்னால் அந்த அம்மாள் மூச்சு எடுக்கிறார். எடுக்கக் கூடாத இடம். சொல் இரண்டாக உடைகிறது. ஆனால் அங்கே எடுத்தால்தான் சாமியின் பெயரை முழு மூச்சில் சொல்ல முடியும். "இம்புட்டு நாளா இவங்க என்ன பாடுனாங்கன்னு கேட்டேன் மாப்ளே. அங்க என்ன சிரமப்பட்டாங்கன்னு கேக்கல" என்றார்.

அன்றிலிருந்து அவருடைய நாள் மாறியது. மார்க்கெட் முடிந்து குளித்துச் சாப்பிட்டதும் நேராக எழுத உட்கார்ந்துவிடுவார். உச்சிவரை எழுத்து. அந்த நேரத்தில் நூலகமும் கிடையாது, நானும் கிடையாது. சோற்றுக்குப் பிறகு தட்டு, புத்தகம், படம், எதுவும் கிடைக்கும். "காலையில என்னுது. மத்தியானம் அவங்களுது" என்பார். கேட்கிறவர்களுக்கு இது சாதாரண ஏற்பாடாகத் தோன்றும். முன்பு அவர் பிறருடையதை நிரப்பிக்கொண்டு வந்து எழுத உட்கார்ந்ததையும், பிறகு எதுவுமே இல்லாமல் உட்கார்ந்ததையும் பார்த்த எனக்கு, அந்த ஒரு மாற்றம் எத்தனை பெரியது என்று தெரியும். காலையில் முட்டிக்கொண்ட இடத்தைச் சுமந்துகொண்டுதான் இப்போது படம் பார்க்க வந்தார். வேறொருவர் அதே மாதிரி முட்டிக்கொண்டபோது என்ன செய்தார் என்று பார்த்தார். சில சமயம் பாதிப் படத்தில் எழுந்து போய்விடுவார். காலையில் எழுதியதில் எது தப்பு என்று தெரிந்துவிட்டது என்று மறுநாள் சொல்வார்.

எழுத வேண்டிய கதையும் அவரிடமே இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், முகூர்த்த நாள் ஒன்றில், கன்னிவாடிப் பக்கத்துச் செல்லம்மாள் என்ற பெண் மொட்டுக் கூடையுடன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்திருக்கிறார். கல்யாண வீட்டுக்காரர் தராசுப் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார். ஏன் தாமதம் என்று மாமாவும் கடிந்து கேட்டிருக்கிறார். "விடியக்கருக்கல்ல மாமனாரு செத்துப்போனாருய்யா. மொட்டு நிக்காதுல்ல. பறிச்சுப் போட்டுட்டு வாரேன்" என்றாராம். வீட்டில் பிணம் கிடக்க, தோட்டத்தை முழுவதும் பறித்திருக்கிறார்கள். மாமா இதை என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நாடகத்துக்கான விஷயமாக ஒரு நாளும் சொன்னதில்லை. நாடகம் என்றால் ஜமீன்தார் வேண்டும், நீதிமன்றம் வேண்டும் என்ற நினைப்பு.

அதைத்தான் எழுதினார். ஒரே காலைப்பொழுது. வீடு, தோட்டம், மார்க்கெட். பறிப்பதா வேண்டாமா என்று கணவனும் மனைவியும் கொழுந்தனும் பேசுவது. பேசிக்கொண்டிருக்கும்போதே வெளிச்சம் வந்துகொண்டிருப்பது. செத்தவரை மேடையில் காட்டக் கூடாது, கதவு திறந்திருக்க உள்ளே விளக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று அவர் முடிவு செய்ததற்கு, நாங்கள் நான்கு முறை பார்த்த ஒரு பழைய படம் காரணம். அதில் அப்படி ஒரு கதவோ விளக்கோ கிடையாது. இரண்டாவது முறை பார்த்துவிட்டு வரும்போது, அந்தப் படத்தை எடுத்தவருக்குப் பயமே இல்லை, நாம் பார்க்க ஆசைப்படுவதை எல்லாம் காட்டாமலே விட்டுவிடுகிறார் என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்தத் துணிச்சலைத்தான் எடுத்துக்கொண்டார்.

எட்டு மாதத்தில் எழுதி முடித்தார். வாசித்துக் காட்டியபோது மூன்று இடங்களில் நான் குறை சொன்னேன். இரண்டை ஒப்புக்கொண்டார், ஒன்றை, உனக்குப் பூவைப் பற்றித் தெரியாது என்று தள்ளிவிட்டார். பாக்கியம் அக்கா பூவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். எங்கேயும் பார்த்தமாதிரி இல்லை என்று மட்டும் சொன்னார். மாமா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் இருந்த பெருமிதத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

சின்னாளப்பட்டியில் ஓர் அமாவாசை அன்று, தறிக்கு விடுமுறை நாள், பொழுது சாயும் வேளையில் பள்ளி மைதானத்தில் ராமலிங்கம் குழு அதை மேடையேற்றியது. அறுபதுகளின் தொடக்கம். செல்லம்மாளை மாமா நேரில் போய் அழைத்திருந்தார். அந்த அம்மாள் மருமகளோடு வந்து முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார். நாடகத்தின் முடிவில், மார்க்கெட்டில் கூடையை இறக்கிவைத்த அந்தப் பெண் தராசுத் தட்டைப் பிடித்துக்கொண்டு கதறி அழுவாள். கூட்டத்தில் பெண்கள் எல்லாரும் அழுதார்கள். ராமலிங்கமே ஓரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

எல்லாரும் மாமாவைச் சூழ்ந்துகொண்டிருந்தபோது செல்லம்மாள் ஒதுங்கி நின்றார். கூட்டம் குறைந்ததும் கிட்டே வந்தார். மாமா எப்படி இருந்தது என்று கேட்டார்.

"எல்லாம் சரியா இருக்குய்யா. ஆனா நான் அன்னிக்கு அழுவல. தராசு காலியாகணும், அடுத்த கூடைக்காரி நிக்கிறா, எங்கிட்டு அழுவ? மாமனாரச் சுடுகாட்டுக்கு அனுப்பிட்டு, ரெண்டு நா கழிச்சு, பூப்பறிக்கப் போனப்பதான் அழுதேன்."

மாமா அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ராமலிங்கம் சமாதானமாக, அது நடந்தது, இது நாடகம் என்றார். அடுத்த காட்சி திண்டுக்கல்லில், பதினைந்து நாளில். முடிவை மாற்ற வேண்டும் என்று மாமா மறுநாளே சொன்னார். ராமலிங்கம் கொதித்துவிட்டார். ஊரையே அழவைத்த இடத்தை எடுத்துவிட்டால் நாடகத்தில் என்ன இருக்கிறது, அழுகைக்குத்தானே கைதட்டினார்கள், குழுவின் பெயர் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். நடிக்கிறவர்கள் பகலெல்லாம் தறியில் உட்கார்ந்துவிட்டு மாலையில் ஒத்திகை பார்த்தவர்கள். மாற்றினால் தன் குழு நடிக்காது என்றுகூடச் சொன்னார்.

மாமா குரலை உயர்த்தவில்லை. "அந்த அழுக எங்கருந்து வந்துச்சுன்னு எனக்கு இப்பத்தான் தெரியுது ராமலிங்கம். நான் பாத்த எல்லாப் படத்துலயும் கடேசில ஒருத்தி அழுவா. மத்ததெல்லாம் விட்டுட்டேன், அத விடல. அது என்னுது இல்ல, அந்தம்மாவோடதும் இல்ல" என்றார். நடிக்கவில்லை என்றால் நோட்டு தன்னிடம் இருக்கட்டும், அவசரமில்லை என்றும் சொன்னார். மூன்று நாள் கழித்து ராமலிங்கம்தான் வந்தார். எழுதிக் கொடுங்கள், செய்து பார்ப்போம் என்றார்.

திண்டுக்கல் காட்சியில் அந்தப் பெண் கூடையைத் தராசில் வைத்தாள். எடை பார்த்தார்கள். காலிக் கூடையை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அடுத்தவளுக்கு வழிவிட்டு, மேடையின் மறுபக்கமாக நடந்து போனாள். அவ்வளவுதான். முடிந்துவிட்டதா இல்லையா என்று தெரியாமல் கூட்டம் பேசாமல் இருந்தது. கைதட்டல் குறைவுதான். முன்னது நன்றாக இருந்ததாம், அழவைத்ததாம் என்று வெளியே போகும்போது சிலர் சொன்னது என் காதில் விழுந்தது. ராமலிங்கம் இன்றும் அந்தக் கட்சிதான். நான் அந்தக் கட்சி அல்ல. அதன்பின் குஜிலியம்பாறை வரைக்கும் எத்தனையோ ஊர்களில் அந்த முடிவோடுதான் நாடகம் நடந்தது. பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ப் பல நாள் கழித்து அதைப் பற்றிப் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். திண்டுக்கல் காட்சிக்கு அடுத்த வாரம் செல்லம்மாள் மார்க்கெட்டுக்கு வந்தபோது, மாற்றியாயிற்றா என்று கேட்டாராம். மாற்றியாயிற்று என்று மாமா சொன்னாராம். சரி என்று சொல்லிவிட்டுக் கூடையை இறக்கிவைத்தாராம். தனக்குக் கிடைத்த விமர்சனங்களிலேயே அதுதான் பெரியது என்பார் மாமா.

இரண்டாவது நாடகத்தை அவர் முடிக்கவில்லை. அதற்காக யாரும் பரிதாபப்பட வேண்டாம். அவர் தன்னைப் பார்த்து ஒரு நாளும் பரிதாபப்பட்டவரல்ல. காலை எழுத்தைக் கடைசி நாள்வரை விடவில்லை. பத்து வரி எழுதி ஒன்பதை அடித்துவிடுவார். அடுத்தது எப்போது வரும் என்று ராமலிங்கம் நச்சரித்தால், "வாரப்ப வரட்டும். அதுவரைக்கும் எனக்கு மத்தியானம் இருக்குல்ல" என்பார். அந்த மதியங்களில் அவரைப்போல் நிறைந்து உட்கார்ந்திருந்த மனிதரை நான் பார்த்ததில்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்து ஒரு மாதமான பின், போன வாரம், நான் தனியாகப் பகல் காட்சிக்குப் போனேன். பழைய படம், அவரோடு ஒரு முறை பார்த்ததுதான். படம் முடிந்து வெளியே வந்தால், எப்படி இருந்தது என்று எல்லாரையும்போல மாமா கேட்க மாட்டார். "நீ எந்த எடத்துல நிமுந்து உக்காந்த?" என்றுதான் கேட்பார். எங்கே என்று சொன்னால் ஏன் என்பார். தெரியவில்லை என்றால் விடமாட்டார். டீக்கடை தாண்டி, கடைத்தெரு தாண்டி, என் கடை வாசல்வரை அதே பேச்சுத்தான். எத்தனையோ ஆண்டு இப்படிக் கேட்டுக் கேட்டு, கேட்பார் என்பதற்காகவே நான் கவனிக்கப் பழகியிருந்தேன். போன வாரமும் ஓரிடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வெளியே வந்து வெயிலில் நின்றேன். சொல்ல ஆளில்லை.

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். பாக்கியம் அக்கா பூக் கட்டிக்கொண்டிருந்தார். எங்கே தம்பி வெயிலில் என்று கேட்டார். படத்துக்குப் போய்விட்டு வருகிறேன் என்றேன். தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்ப உட்கார்ந்து, நாரைப் பல்லில் கடித்து இழுத்துக்கொண்டே, "எந்த எடத்துல?" என்றார்.

அவர் உங்களிடமும் கேட்பாரா என்றேன். தினமும் கேட்பார், பூக் கட்டும்போது காதில் விழுந்த பாட்டைக்கூடக் கேட்பார் என்றார் அக்கா. நான் அந்த இடத்தைச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். யோசித்துச் சொன்னேன். அக்காவுக்குத் திருப்தியாகவில்லை, தான் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை, முதலிலிருந்து கதையைச் சொல்லுங்கள், நான்கு மணிவரை தனக்கு வேலை கிடக்கிறது என்றார்.

வேலுச்சாமி மாமாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்வி. கேட்க இன்னும் ஒருவர் இருக்கிறார். கதையை முதலிலிருந்து சொன்னேன்.